அமர்பவர் ஒருவர், திருப்புபவர் ஒருவர்

(மூன்றாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது தேரோட்டம் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வடம் பிடிப்போர் பல்லாயிரவர். தேரின்மேல் வீற்றிருப்பவர் இறைவர். ஆனால் மாட வீதியின் மூலைக்கு வந்ததும், மலை போன்ற அந்தத் தேர் திரும்ப வேண்டுமே, அப்போது எல்லோருடைய கண்களும் நாடுவது யாரை? சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு நிற்கும் ஒரு சில தொழிலாளர்களைத்தான். எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில், எந்தப் பக்கம் சாய்த்துக் கட்டை இட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இழுப்பது ஊர், திருப்புவது அவர்கள். அவர்களுடைய சொல்லைக் கேளாமல் எந்த ஊரிலும் தேர் நிலைக்கு வந்ததில்லை.

நான் இங்கே பேச வந்தது தேரைப் பற்றியன்று. தேரைப்போலவே எடையும் மதிப்பும் மிகுந்த, இக்காலத்துச் சொகுசுக் கார்களைப் பற்றி. இந்தக் கார்களிலும் அமர்பவர் ஒருவர், திருப்புபவர் ஒருவர். ஆனால் தேர்த் திருவிழாவில் நாம் காட்டும் மதியைக் கார் வாங்கும்போது காட்டுகிறோமா? நிறம் பார்க்கிறோம், இருக்கையின் மென்மை பார்க்கிறோம், முன்னால் ஒளிரும் திரையின் அகலத்தை முழம் போட்டுப் பார்க்கிறோம். அந்த இரண்டு டன் எடையுள்ள எந்திரத்தை எந்தச் சக்கரம் திருப்புகிறது, எப்படித் திருப்புகிறது என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கையில் பிடிக்கப் போகிறவனையும் கேட்பதில்லை. இது பெருந்தவறு என்பதே என் கருத்து.

நமக்கும் சொகுசுக் காருக்கும் என்ன உறவு?

அரசுக் கலைக் கல்லூரியின் ஆண்டு மலரில் இப்படி ஒரு பொருளா என்று நண்பர்கள் நகைக்கலாம். பேருந்தில் இலவசப் பயண அட்டையோடு வருகிற மாணவனுக்குப் பல இலட்ச ரூபாய்க் காரைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான்.

நான் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவன். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்று என் ஊர். சாமையும் புளியும் தேனும் பலாவும் எங்கள் செல்வம். ஆயினும் அவற்றை மட்டும் நம்பி வாழ முடியாமல், எங்கள் இளைஞர்கள் மலையிறங்கிப் போவது பல்லாண்டு வழக்கம். அப்படிப் போனவர்கள் எல்லோரும் நல்ல வேலைக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அந்தப் பட்டியலில் எங்கள் மலையின் ஊர்ப் பெயர்களும் இருந்தன. அந்த நாளுக்குப் பிறகு என் ஊரில் பல தாய்மார்கள் தம் பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றே: “டிரைவர் லைசென்ஸ் எடுடா, கண்ணு.”

ஆம், ஓட்டுநர் உரிமம் எங்கள் மலையில் ஒரு பட்டத்துக்குச் சமம். என் அண்ணன் அந்தப் பட்டம் பெற்றவர். முதலில் சாமை மூட்டையும் புளி மூட்டையும் ஏற்றும் பிக்கப் வேன் ஓட்டினார். இப்போது சென்னையில் ஒரு தொழிலதிபரிடம் சொகுசுக் கார் ஓட்டுகிறார். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சொகுசுக் கார் கனவுப் பொருளன்று, பிழைப்பு. அந்தக் காரின் ஸ்டீயரிங் சக்கரம் எங்கள் வீட்டு உலையை எரிய வைக்கும் சக்கரம். எனவே அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்றே எண்ணுகிறேன்.

இன்னோர் உறவும் உண்டு. 1929ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற ரானே நிறுவனம் மோட்டார் வணிகத்தில் ஆரம்பித்து, பின்னர் ஸ்டீயரிங் உறுப்புகளைச் செய்வதில் நாடறிந்த பெயர் பெற்றது. செங்கற்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் தொகுக்கப்படுகின்றன. செய்வதும் தமிழர் கை, ஓட்டுவதும் தமிழர் கை. தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அந்தக் கையின் சொல் ஏன் ஏறுவதில்லை?

ஸ்டீயரிங் வளர்ந்த கதை

மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறே ஸ்டீயரிங். வண்டிக்காரர் கயிற்றை இழுத்தால் மாடு திரும்பும். மாடு திரும்பினால் வண்டி திரும்பும். நான்கு சக்கர வண்டி வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போக வேண்டும். இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஒன்று தேய்ந்துகொண்டே வரும். இதற்கு 1817இல் ஜெர்மனியில் லாங்கென்ஸ்பெர்கர் என்னும் வண்டி செய்பவர் ஒரு வழி கண்டார். மறு ஆண்டு இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். உழைத்தவர் பெயர் மறைந்து, பதிவு செய்தவர் பெயர் நிலைத்தது. இன்றும் பாடநூல்களில் அது ஆக்கர்மன் அமைப்பு என்றே வழங்குகிறது!

மோட்டார் கார் வந்த பின் மனிதனின் தோள்வலிமையே ஸ்டீயரிங்கின் சக்தியாக இருந்தது. 2014இல் உற்பத்தி நின்ற நம் அம்பாசிடர் காரை ஓட்டிய மூத்த ஓட்டுநர்களைக் கேளுங்கள். பல் பதித்த சட்டம் ஒன்று, அதை நகர்த்தும் சிறு பற்சக்கரம் ஒன்று. ரேக் அண்ட் பினியன் என்று இதைச் சொல்வர். பவர் என்ற பேச்சே இல்லாத வண்டிகளில், நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்புவது தண்டால் எடுப்பதற்குச் சமம்.

இந்தச் சுமையைக் குறைக்க அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறியாளர் 1920களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் உதவும் அமைப்பைச் செய்து காட்டினார். ஆனால் விற்பனைக்கு வந்த காரில் அது அமர்ந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். மின் மோட்டாரால் உதவும் ஸ்டீயரிங் 1988இல் ஜப்பானில் சுசூகியின் ஒரு சிறிய காரில் முதலில் வந்தது. ஏழைக் காருக்கு வந்த புதுமை பின்னர் பணக்காரக் காருக்கு ஏறியது என்பது இங்கே எண்ணத்தக்கது.

இன்று கடையில் கிடைப்பவை

புதுச் சொகுசுக் கார் வாங்கப் போகிறவர் எதிர்ப்படும் ஸ்டீயரிங் வகைகளை எளிய முறையில் சொல்ல முயல்கிறேன்.

முதலாவது, எண்ணெய் அழுத்த ஸ்டீயரிங். எஞ்சினோடு பெல்ட்டால் பிணைந்த பம்பு எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். கை திருப்பும் பக்கம் எண்ணெய் பாய்ந்து உதவும். சாலையின் மேடு பள்ளங்களைக் கைக்கு உள்ளபடி சொல்வதில் இதற்கு நல்ல பெயர். ஆனால் நேரே போகும்போதும் பம்பு சுழன்று எரிபொருளை உண்ணும். குழாய்க் கசிவும் உண்டு. புதிய சொகுசுக் கார்களில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. பழைய சொகுசுக் கார் வாங்குபவர்கள் இதைச் சந்திப்பார்கள்.

இரண்டாவது, மின் ஸ்டீயரிங். ஓட்டுநர் எவ்வளவு விசையோடு திருப்புகிறார் என்பதை ஓர் உணர்கருவி அளக்கிறது. கணிப்பொறி கணக்கிடுகிறது. மோட்டார் உதவுகிறது. திருப்பும்போது மட்டுமே அது மின்சாரத்தை மிகுதியாகக் கேட்கும். எனவே எரிபொருள் மிச்சம். பெரிய கார்களில் இந்த மோட்டாரைக் கீழே பல் சட்டத்தின் அருகிலேயே பொருத்துவர். சிறிய கார்களில் ஸ்டீயரிங் தண்டிலே பொருத்துவதும் உண்டு. எஞ்சினே இல்லாத மின்கார்களுக்கு இதுவே இயல்பான வழி. கார் தானே நிறுத்திடத்தில் புகுவதும், சாலைக் கோட்டை விட்டு விலகாமல் இழுத்துப் பிடிப்பதும் இந்த மோட்டாரின் துணையால்தான்.

மூன்றாவது, விகிதம் மாறும் ஸ்டீயரிங். கைச்சக்கரத்தை 15 பாகை சுழற்றினால் சாலைச் சக்கரம் 1 பாகை திரும்புகிறது என்றால் விகிதம் 15க்கு 1. இந்த விகிதம் சிறிதானால் கை குறைவாகச் சுழன்றாலே கார் விரைந்து திரும்பும். பல் சட்டத்தின் நடுவில் ஒரு வகையாகவும் ஓரங்களில் வேறு வகையாகவும் பற்களை வெட்டினால், நேர்ச்சாலையில் நிதானமும் வளைவில் விரைவும் கிடைக்கும். இதற்கும் மேலே சென்று, வேகத்துக்கு ஏற்ப விகிதத்தையே மாற்றும் அமைப்பைப் பி.எம்.டபிள்யூ. 2003இல் தன் 5 சீரிஸ் காரில் கொண்டு வந்தது.

நான்காவது, பின் சக்கரமும் திரும்பும் அமைப்பு. இது புதிதன்று. 1987இலேயே ஹோண்டா பிரெலூட் காரில் இருந்தது. மெதுவாகப் போகும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்பும். எனவே குறுகிய இடத்தில் கார் திரும்பும். வேகமாகப் போகும்போது ஒரே திசையில் திரும்பும். எனவே ஆட்டமின்றித் தடம் மாறும். மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் 4.5 பாகை வரையிலும், விரும்பிக் கேட்டால் 10 பாகை வரையிலும் பின் சக்கரம் திரும்பும் அமைப்புகள் 2020இல் வந்தன. பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் 3.5 பாகை வரை. ஒரே பெயர், ஆனால் பாகை வேறு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, கம்பி வழி ஸ்டீயரிங். கைச்சக்கரத்துக்கும் சாலைச் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டின் துணையின்றி மின்குறிப்பால் இயங்குவது. 2013இல் இன்பினிட்டி க்யூ50 காரில் வந்தபோது, மின்சாரம் தவறினால் கைகொடுக்கப் பழைய தண்டையும் உடன் வைத்திருந்தார்கள். புதுமை விரும்பும் பொறியாளரும் ஒரு கையில் பழமையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது நமக்குப் பாடமன்றோ?

கொண்டை ஊசி வளைவின் கணக்கு

சென்ற ஆண்டு என் அண்ணனின் முதலாளி, ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடை விழாவைக் காணக் குடும்பத்தோடு புறப்பட்டார். புதுக் கார். பின்னால் அமர்பவர் கால் நீட்ட வசதியாக, நீளம் கூட்டிச் செய்யப்பட்ட கார். போளூர் வழியாக மலையேறும் சாலையில் ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்து நிற்க, என் அண்ணனால் ஒரே திருப்பில் திருப்ப முடியவில்லை. பின்னுக்கு வாங்கி, மறுபடி முன்னுக்கு எடுத்துத் திருப்பினார். பின்னால் புளி மூட்டை ஏற்றிய வேன்காரர் ஒலிப்பானை அலற விட்டார். முதலாளி சினந்தார்: “என்னப்பா, இத்தனை பணம் போட்டு வாங்கின வண்டி. ஒரே மூச்சுல திருப்பத் தெரியலையா உனக்கு?”

அன்றிரவு வீட்டுத் திண்ணையில் அண்ணன் என்னிடம் சொன்னார்: “தம்பி, நான் இதே மலையில லோடு வண்டி ஓட்டினவன். எனக்கா திருப்பத் தெரியாது? அந்த வண்டிக்குச் சக்கரத்துக்குச் சக்கரம் அவ்வளவு நீளம். பின் சக்கரமும் திரும்புற வண்டி அதே கம்பெனியில இருக்குது. வாங்கறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் அப்போ ஷோரூம் வாசல்ல பழைய வண்டிக்குக் காவல் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

“பழைய வண்டிக்குக் காவல்” என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. அண்ணன் சொன்னது சரிதானா என்று இயற்பியல் மாணவன் என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நீளத்தைச் சக்கர இடைத்தூரம் என்போம். கார் மெதுவாகத் திரும்பும்போது அதன் வட்டத்தின் ஆரம் என்ன? இடைத்தூரத்தை முன் சக்கரக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்தால் ஏறத்தாழ விடை கிடைக்கும். பின் சக்கரமும் எதிர்த்திசையில் திரும்பினால், அதன் டேன்ஜென்ட்டையும் கூட்டி, வந்த தொகையால் வகுக்க வேண்டும். முன் சக்கரம் எல்லாக் கார்களிலும் 35 பாகை திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அதன் டேன்ஜென்ட் 0.70.

பெரிய சொகுசுக் காரின் இடைத்தூரம் 3.2 மீட்டர். பின் சக்கரம் திரும்பாவிட்டால் ஆரம் 4.57 மீட்டர். பின் சக்கரம் 3.5 பாகை திரும்பினால் 4.20 மீட்டர். 10 பாகை திரும்பினால் 3.65 மீட்டர். இனி நம் பழைய அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். அதன் இடைத்தூரம் 2.46 மீட்டர், ஆரம் 3.51 மீட்டர்!

பார்த்தீர்களா விந்தையை? பின் சக்கரம் 10 பாகை திரும்பும் பெரிய கார், வளைவில் ஏறக்குறைய அம்பாசிடர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த அமைப்பு இல்லாத அதே நீளக் கார் ஒரு மீட்டர் கூடுதல் ஆரம் கேட்கிறது. இது காகிதக் கணக்கு. மெய்யான கார்களில் முன் சக்கரக் கோணமும் டயர் அகலமும் வேறுபடும். ஆயினும் திசை தெளிவு. கார் வளைவில் நின்றதற்குக் காரணம் அண்ணனின் கையன்று. ஷோரூமில் கேட்கப்படாத ஒரு கேள்வி. திட்டு விழுந்ததோ கைக்கு!

சென்னை நகரில் மட்டும் ஓடும் காருக்கு இது தேவையா என்று சிலர் கேட்கலாம். மயிலாப்பூர்ச் சந்துகளையும் அடுக்கு மாடி வீடுகளின் அடித்தள நிறுத்திடங்களையும் அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பின் சக்கரம் எதிராகத் திரும்பும்போது காரின் வால் சற்றே வெளிப்புறம் வீசும். சுவரையோ தடுப்புக் கல்லையோ ஒட்டி நிற்கும் காரை எடுக்கும்போது, பழகாத கை உராய்த்துவிடும். புதிய அமைப்பை வாங்கினால், பழகிக்கொள்ள ஓட்டுநருக்கு நான்கு நாள் கொடுப்பதும் அந்த விலையில் சேர்ந்ததே.

மலையே தேர்வாளர்

கார் வாங்கும் முன் வெள்ளோட்டம் பார்க்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் ஷோரூமைச் சுற்றியுள்ள நேர்ச்சாலையில் பத்து நிமிடம். தேர்வே வைக்காமல் தேர்ச்சி அளிப்பது போன்றது இது! இயலுமானால் மலைச்சாலைக்குக் கொண்டு போங்கள். இயலாவிட்டால் வளைவும் ஏற்றமும் உள்ள ஏதேனும் ஒரு சாலைக்காவது கொண்டு போங்கள். ஓட்டுநரை ஓட்ட விட்டு, உரிமையாளர் ஒரு முறையாவது முன் இருக்கையில் அமருங்கள். என் அண்ணனும் அவருடைய நண்பர்களும் பார்க்கும் சோதனைகளைத் தொகுத்துத் தருகிறேன்.

ஒன்று: அகன்ற இடத்தில் முழுவதும் ஒடித்து ஒரு வட்டம் அடித்துப் பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கைச்சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். குறைந்த சுற்றில் ஒடிந்தால் கொண்டை ஊசி வளைவில் கை பின்னிக்கொள்ளாது.

இரண்டு: வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்துங்கள். சக்கரம் தானே நேருக்குத் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் அடுத்தடுத்த வளைவுகளில் கை சோர்ந்துவிடும்.

மூன்று: தார்ச்சாலையிலிருந்து சரளைக்கு இறங்கும்போது அந்த வேறுபாடு கைக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். பஞ்சு போன்ற மென்மையைச் சொகுசு என்று எண்ணுவோர் பலர். சாலை நழுவுகிறது என்பதைக் கைக்குச் சொல்லாத மென்மை, செய்தி சொல்லாத தபால்காரரைப் போன்றது.

நான்கு: ‘கம்பர்ட்’, ‘ஸ்போர்ட்’ என்று பொத்தான்கள் இருக்கும். பல கார்களில் அவை ஸ்டீயரிங்கின் கனத்தை மட்டுமே மாற்றும். திரும்பும் விகிதத்தை மாற்றா. விற்பவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள். கனமாக இருப்பது வேறு, கூர்மையாக இருப்பது வேறு.

ஐந்து: சாலைக் கோட்டைப் பார்த்துத் தானே இழுத்துப் பிடிக்கும் வசதி இருந்தால், அதை அணைக்கும் வழியை ஓட்டுநருக்குக் கற்றுத் தரச் சொல்லுங்கள். கோடு அழிந்தும் மண் மூடியும் கிடக்கும் மலைச்சாலையில் அந்த வசதியை நம்பிப் பயனில்லை.

ஆறு: ஸ்டீயரிங்கை மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டுநரின் உடலுக்குப் பொருத்துங்கள். காற்றுப்பைக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். பின்னால் அமர்பவரின் காலுக்காக முன் இருக்கையை நெருக்கித் தள்ளும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அது நெஞ்சை ஸ்டீயரிங்கில் சாத்துகிற வழக்கம்.

ஏழு: விலைப்பட்டியலில் நீங்கள் கேட்கும் அமைப்பு அந்த மாதிரியில் உண்டா, கூடுதல் விலைக்கா, இந்தியாவில் விற்கும் வண்டியில் வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பின் சக்கரம் திரும்பும் காருக்குச் சக்கரச் சீரமைப்பு செய்யும் வசதி எங்கே உள்ளது, செலவு என்ன என்றும் கேளுங்கள்.

இவற்றோடு மலைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எரிபொருள் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. எஞ்சின் நின்றால் எண்ணெய்ப் பம்பு நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் இரண்டொரு மிதியில் தீர்ந்துபோகும். சாவியை எடுத்துவிட்டாலோ பல வண்டிகளில் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். பத்து ரூபாய் எரிபொருளுக்குப் பத்து உயிரை அடகு வைக்கலாமா?

இதை அச்சுறுத்தச் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தில் எங்கள் மலைத்தொடரைச் சேர்ந்த புலியூரிலிருந்து சேம்பரை மலைக் கோயிலுக்குப் போன மக்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். மலைச்சாலை தவற்றைப் பொறுக்கும் சாலையன்று என்பதற்காக நினைவூட்டுகிறேன். அங்கே ஓடும் வண்டி வேனாயினும் விலையுயர்ந்த காராயினும், பள்ளத்தின் ஆழம் ஒன்றுதான்.

மறுப்பும் விடையும்

“பணம் என்னுடையது, ஓட்டுநர் இன்று இருப்பார், நாளை போவார். அவரைக் கேட்டா கார் வாங்குவது?” என்று ஓர் உரிமையாளர் கேட்கலாம். வீடு கட்டும்போது கொத்தனாரைக் கேட்பதில்லையா? கிணறு வெட்டும்போது ஊற்றுப் பார்ப்பவரைக் கேட்பதில்லையா? அவர்கள் நம் வீட்டில் குடியிருக்கவா போகிறார்கள்? தொழில் அறிந்தவரின் சொல்லைக் கேட்பது அவருக்குச் செய்யும் சலுகையன்று. நமக்கு நாமே செய்துகொள்ளும் காப்பு. மேலும் ஓட்டுநர் மாறலாம். காரில் அமரும் உங்கள் குழந்தைகள் மாறப்போவதில்லை.

“ஓட்டுநருக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியுமா?” என்பது இன்னொரு கேள்வி. டேன்ஜென்ட் என்ற சொல் என் அண்ணனுக்குத் தெரியாது. ஆனால் நான் அரை மணி நேரம் தாளில் போட்ட கணக்கை அவர் கை ஒரு வளைவில் போட்டுவிட்டது. எங்கள் மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு விண்மீனின் நடைக்கு ஏற்ப மெல்லத் திருப்ப வேண்டும். அதை இயக்குவோரைக் கேளாமல் அதில் ஓர் ஆணியையும் எவரும் மாற்ற மாட்டார்கள். வானத்தைப் பார்க்கும் கருவிக்கு உள்ள மதிப்பு, மனிதரைச் சுமக்கும் கருவிக்கு இருக்க வேண்டாமா?

“எல்லாம் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும், இனி ஓட்டுநரே தேவையில்லை” என்போரும் உளர். வரட்டும், வரவேற்போம். ஆனால் சாமைக் கதிரை உலர்த்தச் சாலையில் பரப்பியிருக்கும் பாட்டியையும், வளைவில் படுத்திருக்கும் எருமையையும், பனிமூட்டத்தில் விளக்கில்லாமல் வரும் சைக்கிளையும் கண்டு, அரைக் கணத்தில் முடிவெடுக்கும் கை இன்று மனிதனிடம்தான் இருக்கிறது. அந்தக் கை இருக்கும்வரை அதற்கு ஏற்ற கருவியைக் கொடுப்பது நம் கடன்.

முடிவாக

சொகுசு என்பது என்ன? பின்னிருக்கையில் சாய்ந்து கண் மூடுவது சொகுசு என்றால், அந்தக் கண்ணை நம்பிக்கையோடு மூட வைப்பது எது? முன்னிருக்கையில் விழித்திருக்கும் ஒருவரின் கையும், அந்தக் கைக்குள் அடங்கும் ஸ்டீயரிங்கும் அல்லவா? எனவே நான் வேண்டுவது மூன்று. கார் வாங்குவோர், ஸ்டீயரிங்கின் வகையையும் பாகையையும் விகிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். விற்போர், திரையின் அளவைச் சொல்வதற்கு முன் திரும்பும் வட்டத்தின் அளவைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநரை ஷோரூமின் வாசலிலிருந்து உள்ளே அழைத்து, வெள்ளோட்டத்தில் அவர் கையில் சாவியைக் கொடுத்து, “எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மில் சிலர் நாளை அத்தகைய கார்களின் உரிமையாளர்கள் ஆகலாம். சிலர் அவற்றை வடிவமைக்கலாம். சிலர் ஓட்டலாம். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் இந்த ஒன்றை மறவாதிருப்போம்: பாதையைத் தேர்பவர் ஒருவராக இருக்கலாம், பயணத்தைக் காப்பவர் திருப்புபவரே. அவருடைய சொல்லுக்கு அம்பலம் ஏறும் நாள் வருக!